கடலில் பூத்த காற்று

அந்தப் புயலுக்குக் ‘குருவி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர் வைத்தபோது அது குருவி அளவில்தான் இருந்தது. நாகப்பட்டினத்துக்கும் கடலுக்கு அக்கரையிலிருக்கும் பருத்தித்துறைக்கும் கிழக்கே வந்து நின்றது, நின்றதுதான். கரைக்கும் வரவில்லை, ஆழ்கடலுக்கும் திரும்பவில்லை. நின்ற இடத்திலேயே தின்று கொழுத்துக்கொண்டிருந்தது.

நாகையில், கரையோரக் காற்று நிலையத்தின் மேல்மாடியில் உட்கார்ந்து இனியாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புயல்களைத் திருப்புவது அவள் வேலை. அவள் கல்லூரியில் படித்த காலத்தில் இப்படி ஒரு வேலை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவளே சிரித்திருப்பாள்.

திருப்புவது என்றால் மந்திரம் ஒன்றும் இல்லை. புயலுக்குத் தீனி வெதுவெதுப்பான கடல்நீர். அந்தச் சூடு கிடைக்கிற பக்கம் நகரும், கிடைக்காத பக்கம் தயங்கும். கடலின் ஆழத்து நீரோ எப்போதும் சில்லென்று இருப்பது. ஆகவே ஆளில்லாப் படகுகளைச் செய்து, ஒவ்வொன்றின் வயிற்றிலிருந்தும் நீண்ட குழாய் ஒன்றைத் தொங்கவிட்டு, ஆழத்து நீரை மேலே இறைத்துக் கொட்டினார்கள். குளிர்ப்படகு என்று பெயர். புயல் வருகிற வழியில் அவற்றை வரிசையாக நிறுத்தினால் கடலின் மேல்தோல் குளிர்ந்துபோகும். புயல் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு வழி பார்க்கும். போன வருடம் அப்படி ஒன்றைத் திருப்பித்தான் நாகையைக் காப்பாற்றினார்கள். அவுரித் திடலில் மேடை போட்டு இனியாளுக்கு மாலை சூட்டினார்கள்.

குருவி மட்டும் திரும்ப மறுத்தது.

“தெக்கேதானே போகணும் அது?” என்றார் பிலவேந்திரன். அவர்தான் நிலையத்தின் இயக்குநர். சொந்த ஊர் வேளாங்கண்ணிக்குப் பக்கத்துச் செருதூர். சொந்தபந்தமெல்லாம் புயலுக்குப் பயந்து முகாமில் இருந்தது. “வடக்குப் பக்கம் பூரா வேலி போட்டாச்சு. ஏன் சரிய மாட்டேங்குது?”

“சரியுது சார். கொஞ்ச தூரம் தெக்கே போகுது, மறுபடி மேல ஏறி வந்துடுது. யாரோ புடிச்சுத் தள்ளிவிடுற மாதிரி.”

“நம்மள விட்டா புயலைப் புடிச்சுத் தள்ள யாரு இருக்கா? இன்னும் படகு எறக்கச் சொல்லு ஹாஜாகிட்ட.”

“எல்லாம் எறங்கிடுச்சு சார்,” என்றான் ஹாஜா, தன் திரைகளின் பின்னாலிருந்து. குளிர்ப்படகுகளை ஓட்டுபவன் அவன். நாகூர்க்காரன். “மிச்சம் கொள்ளிடத்துல பழுதுபார்க்கக் கெடக்கிற ஒண்ணுதான். அதுக்கு எஞ்சினே இல்ல.”

பிலவேந்திரன் சுவர்த்திரையில் ஓடிக்கொண்டிருந்த பெரிய படத்தைப் பார்த்தார். அலுவலகப் படம். நம் கரை, நம் கடல், நம் படகுகள், எந்த ஊரில் எத்தனை வீடு, எவ்வளவு சேதம் என்ற மதிப்பீடு, எல்லாம் அதில் இருந்தது. கடல் எல்லைக் கோட்டுக்கு அப்பால் மட்டும் வெறும் சாம்பல் நிறம். அந்தப் பக்கத்து விவரம் நிலையத்துக்குக் கிடையாது. கொடுக்கவும் மாட்டார்கள், இவர்கள் கேட்கவும் மாட்டார்கள். புயல் அந்தச் சாம்பலுக்குள் நுழைந்துவிட்டால் சேத மதிப்பீடு பூஜ்யம் என்று காட்டும். கூடவே மெல்லிய மணி ஒன்று அடிக்கும். போன வருடம் அந்த மணி அடித்தபோது எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

“கோடியக்கரை வழியா உள்ள நுழைஞ்சா, இருக்கிற பலத்துக்கு வேதாரண்யம், வேளாங்கண்ணி, நம்ம ஊரு, ஒண்ணும் நிக்காது,” என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார். அவருக்காக அங்கே தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது.

இனியாள் டிபன்பாக்ஸைத் திறந்தாள். தயிர்சாதமும் மோர்மிளகாயும். கணவன் திருமாறன் இரட்டைப் பெண்களை அழைத்துக்கொண்டு திருவாரூரில் முகாமாக்கியிருந்த ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தான். “உன் குருவி என்ன பண்ணுது?” என்று ஒரு மகள் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். இனியாள் சாப்பிடும்போது வழக்கமாகச் செய்வதைச் செய்தாள். தன் சொந்தக் கணினியில் ‘காற்றோடை’யைத் திறந்தாள்.

காற்றோடை யாருக்கும் சொந்தமில்லாத படம். உலகம் முழுக்க இருந்த தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்துவது. கைப்பேசிகளுக்குள் இருக்கும் அழுத்தமானிகள், மொட்டைமாடிக் காற்றாடிகள், கடல் மிதவைகள், அலைகளின் சுருக்கத்தை மேலிருந்து படிக்கும் செயற்கைக்கோள்கள், இவை சொல்வதையெல்லாம் கோத்து, அந்தந்த நிமிடத்தில் பூமியின் மேல் காற்று எப்படி ஓடுகிறது என்பதை மெல்லிய இழைகளாக, வேகமானவற்றைச் சிவப்பிலும் மெதுவானவற்றை நீலத்திலும், வரைந்து காட்டும். இழைகள் ஓடிக்கொண்டே இருக்கும். இனியாளுக்கு அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் சோறு இறங்குவதே தெரியாது. மலைத்தொடர்மேல் ஏறித் தடுமாறிச் சரியும் காற்று, பாலைவனத்தின் புழுதியைத் தூக்கிக்கொண்டு பெருங்கடல் தாண்டும் காற்று, தென்கோடியில் குறுக்கே நிலமே இல்லாமல் உலகத்தைச் சுற்றிச் சுற்றி ஓடும் காற்று. வேலையில் பார்ப்பது துண்டுக் கடல். இதில் மொத்தப் பந்தும் மூச்சுவிடும். ஒரு நாட்டின் பெயர்கூட எழுதியிருக்காது.

அந்த மாதம்தான் அதன் புதிய பதிப்பு வந்திருந்தது. முன்பு மாவட்ட அளவில் தெரிந்த காற்று இப்போது தெரு அளவில் தெரிந்தது. இனியாள் பந்தை உருட்டி வங்கக் கடலுக்குக் கொண்டுவந்தாள். செக்கச்செவேலென்று சுழன்றுகொண்டிருந்தது குருவி. அதன் வடமேற்கு ஓரத்தில், இழைகள் நடுவே, சின்னச் சின்னப் பூக்கள்.

அவை என்ன என்று அவளுக்கு உடனே புரிந்தது. குளிர்ந்த நீரின் மேல் காற்று கனத்துக் கீழே இறங்கும், இறங்கியது நாலாபக்கமும் விரியும். மேலிருந்து பார்த்தால் பூ. அவளுடைய படகுகள் ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் ஒரு பூ. பழைய பதிப்பில் இது தெரிந்ததே இல்லை. பெண்களுக்குக் காட்டலாமே என்று சந்தோஷமாகப் படத்தைத் தெற்கே நகர்த்தியவள், வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினாள்.

புயலின் தென்மேற்கு ஓரத்திலும் பூக்கள் இருந்தன. வரிசையாக, இடைவெளி பார்த்து வைத்த பூக்கள்.

“ஹாஜா, இங்க வா.”

“என்னக்கா?”

“நம்ம படகு ஏதாச்சும் எல்லை தாண்டிப் போயிருக்கா?”

“அதெப்படிக்கா போகும்? கோட்டைத் தொட்டாலே மேலிடத்துல மணியடிச்சிடும்.” அவன் எட்டிப் பார்த்தான். “இது நம்மளது இல்ல.”

“ஆமா. அவங்களோடது.”

“அவங்ககிட்டயும் குளிர்ப்படகு இருக்கா?”

“நமக்கு இருக்குன்னு நாம யார்கிட்ட சொன்னோம்?”

ஹாஜா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். இனியாள் திரையில் விரலால் காட்டினாள். “நாம வடக்குல வேலி போட்டுத் தெக்கே தள்ளுறோம். அவங்க தெக்குல வேலி போட்டு வடக்கே தள்ளுறாங்க. நடுவுல மாட்டிக்கிட்டு அது அங்கேயும் இங்கேயும் அலையுது. நடுவுல இருக்கிற தண்ணிய மட்டும் ரெண்டு பேரும் தொடவே இல்ல பாரு. அங்கதான் சூடு. அதத்தான் உக்காந்து தின்னுக்கிட்டிருக்கு. நாமதான் வளர்த்துவிட்டிருக்கோம் ஹாஜா. ரெண்டு பேரும் சேர்ந்து.”

அவன் அதைக் கேட்டானா என்று தெரியவில்லை. வேறெங்கோ போயிருந்தது அவன் முகம்.

“அக்கா, போன வருசத்துக்கு முந்தின வருசம் ஒண்ணு வந்துச்சே. தெக்கே போயிடும், பயமில்லன்னு எல்லாக் கணிப்பும் சொன்னது. கடைசி நேரத்துல வடக்கே திரும்பி எங்க ஊர்ல ஏறுச்சு. என் மச்சான் ஐஸ் கம்பெனிய மூடிட்டு வரேன்னு போனவரு. சுவரு சரிஞ்சு…” அவன் நிறுத்தினான். “அது தானாத் திரும்பல, இல்ல?”

இனியாளின் மனம் அதற்கடுத்த வருடத்துக்குப் போய்விட்டது. அவுரித் திடல், மாலை, அந்த மெல்லிய மணி. சாம்பல் நிறத்துக்குள் போன புயல் அங்கே என்ன செய்தது என்று அன்றைக்கு யாருமே கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

“நாமளும் திருப்பியிருக்கோம்,” என்றாள் மெதுவாக.

டிபன்பாக்ஸை மூடி வைத்தாள். காற்றோடையில் ஒரு வசதி உண்டு. படத்தில் எந்த இடத்தைத் தொட்டாலும் அங்கே ஒரு குறிப்பு எழுதி ஒட்டலாம், உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ‘எங்கள் ஊரில் மழை தொடங்கிவிட்டது’ என்பது போல எழுதுவார்கள். இனியாள் கடலின் நடுவைத் தொட்டாள். நிலையத்தின் படகுகளைப் பற்றி வெளியே வாய் திறந்தால் வேலை போகும், வழக்கும் வரும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். அது நினைவுக்கு வந்தது. வந்தும் எழுதினாள்.

‘வடக்கே இருக்கும் பூக்கள் எங்களுடையவை. தெற்கே இருப்பவை யாருடையவை?’

கீழே தன் பெயரையும் தொலைபேசி எண்ணையும் போட்டாள்.

“அக்கா!” என்றான் ஹாஜா.

இனியாள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு அவளுடைய குறிப்புக்குக் கீழே ஒரே ஒரு வரி முளைத்தது.

‘எங்கட.’

அடுத்த நொடி தொலைபேசி அடித்தது.

“வணக்கம். நான் கம்சாயினி. பருத்தித்துறை காற்று மையத்தில இருந்து கதைக்கிறன்.” நடுவயதுப் பெண்ணின் குரல், ஓடி வந்தவளைப் போல இரைத்தது. “நீங்களோ அதை எழுதினது?”

“ஆமாங்க. நான்தான்.”

“கடவுளே. நாங்கள் வடக்கால தள்ளத் தள்ள அது திரும்பித் திரும்பி வருது. எனக்கு விசர் பிடிக்காத குறை. உங்கட பக்கமும் ஆக்கள் இருந்து தள்ளுறாங்கள் எண்டு கனவிலயும் நினைக்கேல்ல.”

“நாங்களும்தான் நினைக்கல.”

பிறகு கம்சாயினி கேட்டாள், குரல் மாறியிருந்தது. “போன வருசம் கார்த்திகையில வந்தது… எல்லாக் கணிப்பும் உங்கட கரை எண்டுதான் சொன்னது. எங்கட ஊர் மணற்காட்டுச் சனம் வீட்டிலதான் இருந்தவை. என்ர சின்னம்மா வீட்டில ஒருத்தரும் மிஞ்சேல்ல. அது நீங்களோ?”

பொய் சொல்லியிருக்கலாம். தொலைபேசியின் அந்தப் பக்கத்துக்கு எதுவும் தெரியாது.

“நாங்கதான்,” என்றாள் இனியாள்.

“அதுக்கு முந்தின வருசத்தது நாங்கள்,” என்றாள் கம்சாயினி. “அண்டைக்கு எனக்கு விருது தந்தவை.”

ஹாஜா எழுந்து சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். வெளியே மழை இன்னும் வரவில்லை. தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலை சாய்த்திருந்தன.

“அக்கா,” என்றாள் இனியாள். அந்தச் சொல் தானாக வந்தது. “உங்ககிட்ட எத்தனை படகுன்னு எனக்குத் தெரியாது. எங்ககிட்ட இருக்கிறது வேலி போடத்தான் பத்தும். குளம் வெட்டப் பத்தாது.”

“விளங்குது. சொல்லுங்கோ.”

“நம்ம ரெண்டு பேர் படகையும் வேலியிலருந்து எடுத்து, நடுவுல இருக்கிற சூட்டுத் தண்ணிக்குக் கொண்டுபோனா? யார் பக்கமும் திருப்ப வேணாம். அது மூக்குக்கு முன்னால, ஒரே இடத்துல, பெரிய குளமா குளிர வெச்சா? அதுக்குத் தின்ன ஒண்ணும் இருக்காது.”

“பட்டினியில செத்துப் போகும்.” கம்சாயினி யோசித்தாள். “ஆனா நாங்கள் படகை எடுத்து, நீங்கள் எடுக்காமல் விட்டா, அது நேரா எங்கட வாசலுக்கு வரும்.”

“நீங்க எடுக்காம விட்டா எங்க வாசலுக்கு.”

“ஓம். அதுதான் விசயம்.”

பின்னால் கதவு திறந்தது. பிலவேந்திரன் நின்றுகொண்டிருந்தார். முகம் சிவந்து, கையில் கைப்பேசி.

“யாரும்மா படகைப் பத்திக் காற்றோடையில எழுதினது? உலகமே படிச்சிட்டிருக்கு! டெல்லிலருந்து கேக்குறாங்க!”

“நான்தான் சார். மொதல்ல இதைப் பாருங்க. அப்புறம் என்ன வேணா பண்ணுங்க.”

அவர் திட்ட வாயெடுத்தார். திரை கண்ணில் பட்டது. வானிலையில் முடி நரைத்த மனிதர். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பூக்களை வடக்கிலிருந்து தெற்கு வரை பார்த்தார், நடுவில் இருந்த சிவப்பைப் பார்த்தார், மெதுவாக உட்கார்ந்தார்.

“இத்தனை நாளும்…” என்றார்.

“ஆமா சார்.”

இனியாள் தங்கள் யோசனையைச் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். சம்மதமாக அல்ல. “வேலிய எடுக்கச் சொல்றியா? நம்ம ஊரைத் தொறந்து போட்டுட்டு? போன்ல ஒரு குரலை நம்பி?”

“குரலை நம்ப வேணாம் சார். படத்தைப் பாருங்க. அவங்க படகை நகர்த்தினா பூ நகரும். நாம நகர்த்தினா அவங்களுக்குத் தெரியும். இதுல யாரும் மறைக்க முடியாது.”

அவர் தொலைபேசியை வாங்கி ஒலிபெருக்கியில் போட்டார். “நான் பிலவேந்திரன். இங்க இயக்குநர். உங்க வீடு எங்கம்மா இருக்கு?”

“மணற்காடு ஐயா. கடற்கரையில.”

“ஆளுங்க?”

“முகாமில. அம்மா மட்டும் வரமாட்டன் எண்டு இருந்தவா. இண்டைக்குக் காலமைதான் தூக்கிக்கொண்டு வந்தது.”

பிலவேந்திரன் கண்ணை மூடித் திறந்தார். அவர் அறையிலிருந்து தொலைபேசி மறுபடி அடித்தது. போகவில்லை. “ஒண்ணு ஒண்ணா எடுப்போம்,” என்றார். “நீங்க ஒரு படகு, நாங்க ஒரு படகு. மாத்தி மாத்தி. எந்தப் பக்கம் நின்னாலும் அத்தோட முடிஞ்சுது.”

“சரி ஐயா. ஆர் முதல்?”

பிலவேந்திரன் இனியாளைப் பார்த்தார். இனியாள் திரையைப் பார்த்தாள்.

“நாம அனுப்புவோம் சார்,” என்றான் ஹாஜா, சன்னல் பக்கத்திலிருந்து. திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தான். கண்கள் சிவந்திருந்தன. “எங்க மச்சான் மாதிரி இன்னொருத்தர் அந்தப் பக்கம் கடையை மூடப் போயிருப்பாரு. நான் அனுப்புறேன். கரையை ஒட்டி நிக்கிற படகையே அனுப்புறேன். அப்பதான் அவங்களுக்கு நம்பிக்கை வரும்.”

அவன் விரல் அசைந்தது. வடக்கு வரிசையில் ஒரு பூ வாடியது, அந்த இடத்தில் காற்றிழைகள் மறுபடி நேராகின. படகு குழாயைச் சுருட்டிக்கொண்டு தென்கிழக்கே புறப்பட்டுவிட்டது. எல்லாரும் தெற்கு வரிசையைப் பார்த்தார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை. பிறகும் ஒன்றும் நடக்கவில்லை. அப்போது அங்கேயும் ஒரு பூ மூடிக்கொண்டது.

“போயிட்டுது!” என்றாள் கம்சாயினி. “எங்கட ஆள் விசையை அமத்தப் பயந்துபோனான். அதுதான் சுணங்கிப் பிந்தினது. மன்னிக்கோணும்.”

அடுத்து இவர்கள். அடுத்து அவர்கள். வடக்கில் ஒன்று, தெற்கில் ஒன்று. ஹாஜா ஒவ்வொன்றுக்கும் “போறான்” என்பான். அந்தப் பக்கத்திலிருந்து “வாறான்” என்று குரல் வரும். முதல் படகு நடுவை அடைந்து குழாயை இறக்கியபோது, அனல் போன்ற சிவப்பின் முன்னால் ஒற்றைப் பூ விரிந்தது. சற்று நேரத்தில் அதற்குப் பக்கத்தில், தெற்கிலிருந்து வந்தது ஒன்று.

காற்றோடையில் குறிப்புகள் குவியத் தொடங்கின. பாதி மொழிகள் இனியாளுக்குத் தெரியவே தெரியாது. ‘யாரோ கடலில் பூக்கோலம் போடுகிறார்கள்’ என்று திருவாரூரிலிருந்து யாரோ தமிழில் எழுதியிருந்தார்கள். முகாமிலிருந்து திருமாறன் அழைத்தான். மண்டபத்தில் எல்லாரும் சமையலை விட்டுவிட்டுச் சுவரில் படத்தைப் போட்டுப் பார்க்கிறார்களாம். “அது உன் வேலைதானே?” என்றான். “எங்க வேலை,” என்று வைத்துவிட்டாள்.

பாதிக்கு மேல் வந்தபோது தெற்கு வரிசை நின்றது. அவர்கள் முறை. பூ மூடவில்லை.

“என்ன ஆச்சு?” என்றார் பிலவேந்திரன்.

“எஞ்சின் பிடிக்குதில்லை ஐயா. அந்தப் படகு அசையுதில்லை. அதுக்குப் பின்னால நிக்கிற படகுகளுக்கும் அது கட்டளையை வாங்கிக் குடுக்கிற படகு. எல்லாம் நிண்டுபோச்சு.”

எண்ணிக்கையில் குறைவாக இருந்த நாகையின் வேலி இப்போது கிட்டத்தட்டக் கலைந்துவிட்டிருந்தது. தெற்கின் வேலியில் பாதி அப்படியே நின்றது. புயல் மட்டும் இந்த நிமிடம் கிளம்பினால் எந்தப் பக்கம் வரும் என்பதை அங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எஞ்சின் பழுதா, வேண்டுமென்றே நிறுத்தினார்களா என்பதைக் காற்றோடையாலும் சொல்ல முடியாது. பூவைப் பார்த்தால் மனசு தெரியாது.

“ஐயா, உங்கட மிச்சப் படகுகளைத் திருப்பி எடுக்கிறதெண்டா எடுங்கோ,” என்றாள் கம்சாயினி. அழுகையை அடக்கிக்கொண்டு பேசுவது தெரிந்தது. “நான் கோவிக்க மாட்டன். நாங்கள் திருத்தப் பாக்கிறம்.”

ஹாஜாவின் கை நிறுத்தும் விசையின் மேல் இருந்தது. அவன் இயக்குநரைப் பார்த்தான். சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லியாகிவிட்டது. இனி அவர்தான்.

பிலவேந்திரன் எழுந்து சுவரில் இருந்த அலுவலகப் படத்தின் முன்னால் போய் நின்றார். செருதூர் அதில் சின்ன மஞ்சள் புள்ளி. எல்லைக்கு அப்பால் சாம்பல். மணற்காடு என்று ஒரு ஊர் அந்தப் படத்தில் இல்லவே இல்லை.

அவர் கை நீட்டி விசையைத் தட்டி அந்தப் படத்தை அணைத்தார்.

“மிச்சம் எத்தனை இருக்கோ அத்தனையும் அனுப்பு,” என்றார்.

“சார், அவங்க முறை இன்னும்…”

“முறையாவது ஒண்ணாவது! எல்லாத்தையும் அனுப்பு ஹாஜா. தங்கச்சி, கேக்குதா? நாங்க மொத்தமா வர்றோம். நீங்க நிதானமா சரி பண்ணிட்டு வாங்க.”

வடக்கு வரிசை முழுதும் ஒரே மூச்சில் அணைந்தது. நாகையின் முன்னால் ஒன்றுமே இல்லை இப்போது, வெறும் கடல். தொலைபேசியில் கம்சாயினி தன் ஆட்களிடம் சிங்களத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றிக் கத்துவது கேட்டது. யாரோ ஓடினார்கள், எதையோ போட்டு உடைத்தார்கள். பழுதான படகைத் தாண்டி மற்றவற்றுக்கு நேரடியாகக் கட்டளை கொடுக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அந்த வேளையில் இனியாளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். தெற்கின் பூக்கள் ஒன்றன்பின் ஒன்றாக அல்ல, கும்பலாக மூடின. பழுதான ஒன்று மட்டும் தனியே விரிந்து நின்றது.

சாயங்காலம் ஆவதற்குள் நடுக்கடலில் எந்தப் பூ யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போய்விட்டது. அடுத்தடுத்து விரிந்து, ஒன்றோடொன்று கலந்து, கடைசியில் ஒரே பெரிய வட்டமாக, குளிர்ந்த நீலமாகக் கிடந்தது கடல். குருவி அசைந்தது. அதன் கண் மேற்கே, நேராக அந்த நீலத்துக்குள் நகர்ந்தது. பிலவேந்திரன் சட்டைக்குள் இருந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டார்.

விளிம்பைத் தொட்ட இடத்தில் முதலில் சிவப்பு மங்கிற்று. அது ஆரஞ்சாயிற்று. சுழல் ஒரு பக்கம் கோணியது, ஒரு கை பிய்ந்து தனியே போயிற்று. புயலின் கண் இருந்த இடத்தில் மேகம் மூடியது.

“சாகுது,” என்றான் ஹாஜா. பிறகு கத்தினான். “அக்கா, சாகுது! குருவி சாகுது!”

தொலைபேசியின் அந்தப் பக்கம் யாரோ மேசையைத் தட்டித் தாளம் போட்டார்கள். கம்சாயினி அழுதுகொண்டே சிரித்தாள். “தங்கச்சி, பாத்தியளோ? பாத்தியளோ?”

“பார்த்தேன் அக்கா,” என்றாள் இனியாள். தான் எப்போது எழுந்து நின்றோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

விடிந்தபோது கரைக்கு வந்தது மழை மட்டும்தான். நாகையிலும் பெய்தது, மணற்காட்டிலும் பெய்தது. நின்று நிதானமாக, ஏரி குளமெல்லாம் நிரம்பும்படி பெய்தது. முகாம்களிலிருந்து ஜனங்கள் குடையோடு வீடு திரும்பினார்கள். திருமாறன் பெண்களோடு நிலையத்துக்கே நேராக வந்துவிட்டான். பெண்கள் தொப்பலாக நனைந்து, அம்மாவின் நாற்காலியில் ஏறிக் கடலில் பூக்கள் எங்கே என்று தேடினார்கள்.

விசாரணை வராமல் இருக்குமா? வந்தது. பொங்கல் கழிந்ததும் இனியாளை டெல்லிக்கு அழைத்தார்கள். ரகசியத்தை வெளியிட்டது, அனுமதி இல்லாமல் அந்நிய நாட்டோடு பேசியது, கரையைப் பாதுகாப்பின்றி விட்டது என்று குற்றங்கள். கூடவே பிலவேந்திரனும் வந்திருந்தார். ‘உத்தரவு போட்டது நான்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கவலையே இல்லை.

விசாரணை அதிகாரி ஒரு தமிழ்ப் பெண்மணி, கண்டிப்பானவர் என்று பெயர். சுசீந்திரத்துக்காரர். கேள்விகளை ஒழுங்காகக் கேட்டார், பதில்களை ஒழுங்காகப் பதிவு செய்தார். கடைசியில் பேனாவை வைத்துவிட்டு, “ஒண்ணு கேக்கட்டா? அவங்க வராம இருந்திருந்தா?” என்றார்.

இனியாள் வாயைத் திறப்பதற்குள் அவள் கைப்பேசி அதிர்ந்தது. கம்சாயினி. விசாரணையில் இருக்கும்போது எடுக்கக் கூடாது. ஆனால் திரையில் வந்த செய்தியை அவளால் படிக்காமல் இருக்க முடியவில்லை. ‘தங்கச்சி, காற்றோடையைத் திறவுங்கோ. கிழக்கால போங்கோ. பசிபிக். இப்பவே.’

“மேடம், ஒரு நிமிஷம். நீங்களும் பாருங்க.”

பந்து உருண்டது. அந்தக் கடலில் ஒரு பெரும் சூறாவளி செக்கச்செவேலென்று சுழன்றது. அதன் வடக்கே ஒரு நாடு, தெற்கே ஒரு நாடு. ஒன்றின் கப்பலை ஒன்று சுட்டு மூழ்கடித்த நாடுகள். இரண்டுக்கும் நடுவே தூதரகம்கூட இல்லை. அவற்றிடமும் குளிர்ப்படகுகள் இருந்தன என்பதே இப்போதுதான் தெரிந்தது. வடக்கிலும் தெற்கிலும் பூக்கள் வேலியாக நின்றன. நடுக்கடலில், தெரியாத ஒரு மொழியில் யாரோ ஒரு சிறு குறிப்பு ஒட்டியிருந்தார்கள். அதன் கீழே வேறொரு எழுத்தில், ஒரே ஒரு வரி.

இனியாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வடக்கு வரிசையில் ஒரு பூ வாடியது.

அதிகாரி மேசையைச் சுற்றி வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். பதிவுக் கருவி ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் தெற்கு வரிசையையே பார்த்தார்கள்.

“மூடு,” என்றார் அதிகாரி, மூச்சைப் பிடித்துக்கொண்டு. “மூடும்மா, மூடு.”

மூடியது.